விளம்பரச் சித்திரங்கள்: படமும் பெயரும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

 

இத்தகைய மேடைகளிலே பேச வருபவர்கள் சமயத்தைப் பற்றியோ, இலக்கியத்தைப் பற்றியோ, ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ கடைக்காரர் இனாமாகக் கொடுக்கும் படத்தாள். “இதுவும் ஒரு பொருளா?” என்று பெரியோர்கள் எண்ணக்கூடும். இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் சாமியறைச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அங்கே கண்ணாடி போட்டு மாலை சூட்டியிருக்கும் முருகப்பெருமான் படமும், இலக்குமி படமும் எங்கிருந்து வந்தவை? சில காசு கொடுத்து வாங்கியவையாக இருக்கலாம். பல, ஏதோ ஒரு கடையின் கலண்டரிலிருந்து வந்தவையாகவே இருக்கும். அன்றாடம் நாம் கைகூப்பும் படம் ஒரு வியாபாரி தன் சரக்கை விற்பதற்காகக் கொடுத்த தாள் என்றால், அதன் வரலாற்றை அறிந்துகொள்வதில் தவறில்லை அல்லவா?

இந்த வரலாறு மேல்நாட்டிலே தொடங்குகிறது. இலண்டன் மாநகரத்துக் கடைக்காரர்கள் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலேயே தங்கள் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் விற்கும் பொருளையும் சிறு தாள்களில் அச்சிட்டு வாடிக்கைக்காரருக்குக் கொடுத்து வந்தார்கள். அவை பெரும்பாலும் கறுப்பு மையில் அச்சானவை. அந்தத் தாள்களுக்கு வண்ணம் வந்த கதைதான் சுவையானது.

1796ஆம் ஆண்டளவில் பவேரியா நாட்டிலே செனஃபெல்டர் என்பவர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேரா என்பது நம் அடுக்களையில் எல்லோரும் அறிந்த உண்மை. அந்த உண்மைதான் அவருடைய முதல். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புள்ள மையினால் படம் எழுதி, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையைப் பூசினால், எழுதிய இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஈரமான இடத்தில் பிடிக்காது. தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். 1837இல் பிரான்சு நாட்டில் எங்கல்மான் என்பவர் இம்முறையில் வண்ணப் படம் அச்சிடும் உரிமையைப் பெற்றார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று ஒரே தாளைப் பல முறை அழுத்த வேண்டும். நல்ல படமொன்றுக்குப் பத்துக் கல்லுக்கு மேலும் வேண்டியிருக்கும். ஒரு மயிரிழை விலகினாலும் முகம் கெட்டுவிடும்.

விக்டோரியா மகாராணி அரசாண்ட 1837 முதல் 1901 வரையுள்ள காலத்தில் இந்தக் கலை ஓங்கி வளர்ந்தது. வண்ணப் படம் என்பது செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த அந்நாளில், சவர்க்காரம் வாங்கினால் ஒரு படம், தேயிலை வாங்கினால் ஒரு படம், நூற்கட்டை வாங்கினால் ஒரு படம் என்று ஏழை வீட்டுக் குழந்தையின் கையிலும் வண்ணப் படம் வந்து சேர்ந்தது. பாரிஸ் நகரத்துப் பெரிய கடையான பொன் மார்ஷேயில் வியாழக்கிழமைகளில் குழந்தைகளுக்குப் படஅட்டை கொடுத்தார்கள். படங்கள் தொடராக வெளிவந்தன. இவ்வாரம் ஒன்று கிடைத்தால் அடுத்ததற்காகக் குழந்தை தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு வரும். இதைவிடச் சாமர்த்தியமான வியாபாரம் வேறு உண்டோ? 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பின் அந்நாட்டிலும் இந்த மோகம் பரவிற்று. லீபிக் என்ற இறைச்சிச் சத்துக் கொம்பனியார் 1870களிலிருந்து 1975 வரை ஏறக்குறைய ஆயிரத்துத் தொளாயிரம் படத்தொடர்களை வெளியிட்டார்கள். அவர்கள் விற்ற சரக்கு நம் போன்ற சைவர்களுக்கு ஆகாதது. ஆனாலும் பூகோளம், சரித்திரம், பறவை, பூ என்று அவர்கள் அச்சிட்ட படங்கள் ஐரோப்பியக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்போல இருந்தன. சிகரட் பெட்டிக்குள் வந்த படஅட்டைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்படங்களைச் சேர்ப்பது வீட்டுக்கு வீடு ஒரு பொழுதுபோக்காயிற்று. தாய்மாரும் பிள்ளைகளும் பெரிய கொப்பிகளிலே பசை தடவி வரிசை வரிசையாக ஒட்டினார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கத்தில் ரோசாப்பூவும் பூனைக்குட்டியும் இருக்கும். பின்பக்கத்தில் கடைக்காரன் பெயர், தெரு, சரக்கு, விலை ஆகியவை இருக்கும். கொப்பியில் ஒட்டியபோது பூனைக்குட்டி தப்பிப் பிழைத்தது. பின்பக்கம் பசைக்குள் மறைந்தது. இன்று ஆராய்ச்சியாளர்கள் தேடுவது பூனைக்குட்டியை மட்டுமல்ல. எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த ஆண்டில், யார், எதை, என்ன விலைக்கு விற்றார் என்பதையும் அவர்கள் தேடுகிறார்கள். அதைச் சொல்லும் பக்கம்தான் ஒட்டப்பட்டுவிட்டது.

இதை முன்பே உணர்ந்தவர்களும் இருந்தார்கள். சாரா சோபியா பாங்ஸ் என்ற அம்மையார் 1744இல் பிறந்து 1818இல் மறைந்தவர். விஞ்ஞானியான சேர் ஜோசப் பாங்ஸ் என்பவரின் தங்கை. கடைச்சீட்டு, அனுமதிச்சீட்டு, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டவற்றையெல்லாம் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தார். இலண்டனில் தளபாடக் கடை நடத்திய சேர் அம்புரோஸ் ஹீல் என்பவரும் பழைய கடைச்சீட்டுகளைச் சேர்த்து, 1925இல் அவற்றைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இவ்விருவரும் சேர்த்தவை இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றன. இலண்டன் நகரத்து வியாபார வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் தாள்களை நாடிப் போகிறார்கள்.

இனி நம் பக்கம் திரும்புவோம். மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து இந்தியாவுக்குத் துணி வந்த காலத்தில், ஒவ்வொரு துணிக்கட்டின்மேலும் ஒரு வண்ணச்சீட்டு ஒட்டியிருக்கும். வாங்குபவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். ஆங்கிலம் அறிந்தவர்கள் அதிலும் சிலரே. ஆகவே கொம்பனியார் பெயரைப் பார்த்தல்ல, படத்தைப் பார்த்தே துணி வாங்கினார்கள். யானைப் படத் துணி, கிருஷ்ணன் படத் துணி என்று படமே துணிக்குப் பெயராயிற்று. நெருப்புப்பெட்டிகளின் கதையும் இதுதான். சுவீடனிலும் யப்பானிலும் செய்த பெட்டிகளில் நம் தெய்வங்களின் படங்கள் இருந்தன. நம் தெய்வங்களை அறியாத அந்நாட்டு அச்சகங்கள் அவற்றைக் கல்லிலே எழுதி நமக்கு அனுப்பி வைத்தன!

நம்மவர்களும் இத்தொழிலில் இறங்கினார்கள். 1894இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஓவியர் ரவிவர்மா பம்பாயில் ஒரு கல்லச்சுக்கூடத்தை நிறுவினார். அரண்மனைச் சுவரில் இருந்த இலக்குமியும் சரசுவதியும் அதன் பிறகு குடிசைச் சுவருக்கும் வந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த அச்சுக்கூடம் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறிற்று. அங்கு அச்சான தெய்வப் படங்கள் வியாபாரிகளின் விளம்பரத் தாள்களிலும் இடம்பெற்றன. தமிழ்நாட்டிலே 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று நெருப்புப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பெட்டிக்கு லேபல் வேண்டும். லேபலுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத்தொழில் பின்னர் கலண்டர் தொழிலாயிற்று. அதற்குப் படம் எழுதியவர்களிலே தலையாயவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு அவர்கள். 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை இரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் இருந்து, நாடகத் திரைகள் எழுதி, பின்னர் கலண்டர்ப் படங்களால் தமிழர் வீடுதோறும் புகுந்தவர். அவர் பெயரை அறியாத வீடுகளிலும் அவருடைய படங்களுக்கு விளக்கு வைத்தார்கள்.

அவ்வாறு அச்சான படங்கள் கடல்கடந்து நம் தீவுகளுக்கு எப்படி வந்தன? நம் தீவகத்து மண் மழையை நம்பிய மண். பனையும் புகையிலையும் கடலும் தந்தது போதாமல், ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, காரைநகர் முதலிய ஊர்களிலிருந்து நம் முன்னோர் தென்னிலங்கைக்குச் சென்று கடை வைத்தார்கள். பலசரக்குக் கடை, சுருட்டுக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை என்று சிங்கள ஊர்களின் சந்தி தோறும் தீவார் கடை இருந்த காலம் ஒன்று உண்டு. கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்தவர்களும் இருந்தார்கள். பெட்டியடியில் படுத்து, பிள்ளைகளை வருடத்தில் சில நாள் மட்டும் கண்டு அவர்கள் தேடிய பணத்திலே நம் ஊர்க் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் கிணறுகளும் எழுந்தன. ஆண்டு முடிவில் அவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த பொருள்களில் ஒன்று, தங்கள் கடையின் பெயர் அச்சிட்ட சுருட்டிய கலண்டர்.

அந்தக் கலண்டரின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். மேலே தெய்வத்தின் திருவுருவம். நடுவிலே கடையின் பெயர், தெரு, தொலைபேசி எண், தந்தி விலாசம். கீழே நாளேடு. அதில் திதி, நட்சத்திரம், இராகுகாலம், விரத நாட்கள். ஒரே தாளில் கடவுளும் கடையும் காலமும் சேர்ந்திருந்தன. யாழ்ப்பாணத்திலேயே மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய கனகராசா அவர்கள் ‘மில்க்வைற் செய்தி’ என்ற ஏட்டை வெளியிட்டும், பனை நடுகையை ஊக்குவித்தும், வியாபாரத்தின் பெயரோடு நற்பணியைச் சேர்த்தார்கள். நம்மவரிடம் விளம்பரம் என்பது வெறும் கூவி விற்றலாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் ஆண்டு முடிந்ததும் நாம் என்ன செய்தோம்? கத்தரிக்கோலை எடுத்தோம். நாளேட்டைக் கழற்றினோம். கடையின் பெயரை வெட்டி எறிந்தோம். தெய்வத்தை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தோம். கண்ணாடிக்குள் போகாத படங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கு உறையாயின. தெய்வப் படத்தைக் காலடியில் விடலாகாது என்ற பக்தியினால் செய்த காரியம் அது. அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆயினும் விக்டோரியா காலத்துத் தாய்மார் பசை தடவியபோது மறைந்த அதே பக்கந்தான் நம் கத்தரிக்கோலிலும் போயிற்று. படம் இருக்கிறது, பெயர் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தை இங்குள்ள பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் தமிழர் கடைகள் தீயிடப்பட்டன. கடையோடு கணக்குப் புத்தகமும், பெயர்ப்பலகையும், கல்லாப்பெட்டியும் சாம்பலாயின. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் காரணமாகத் தீவகத்து மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். உடுத்த உடையோடு வள்ளம் ஏறியவர்கள் சுவரிலிருந்த கலண்டரையா எடுத்துச் செல்வார்கள்? திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரையும் இல்லை. இன்று ஒரு பிள்ளை, “என் பாட்டனார் எந்த ஊரில் கடை வைத்திருந்தார்? அந்தக் கடைக்கு என்ன பெயர்?” என்று கேட்டால், விடை சொல்லக்கூடிய தாள் எது? நாம் வெட்டி எறிந்த அந்த இரண்டு விரற்கடை அகலத் தாள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. படம் அழகாக இருப்பதனால் அது உண்மையாகிவிடாது. சிங்கர் தையல் இயந்திரக் கொம்பனியார் 1892ஆம் ஆண்டளவில் உலக நாட்டு மக்கள் தத்தம் உடையில் தையல் இயந்திரத்தின் அருகில் இருப்பதுபோல ஒரு படத்தொடர் வெளியிட்டார்கள். அதில் இலங்கையும் ஒன்று. அதைக் கண்ட அமெரிக்கக் குழந்தை, இலங்கையில் எல்லார் வீட்டிலும் தையல் இயந்திரம் இருப்பதாக நினைத்திருக்கும்! 1890இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கிய லிப்டன் துரையின் விளம்பரங்களில், கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணொருத்தி புன்னகையோடு கொழுந்து பறிப்பாள். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவர்களுடைய வாசகம்.

அதே தோட்டங்களில் அந்நாளில் வேறொரு தாளும் வழங்கிற்று. அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். தொழிலாளி தோட்டத்துக்குப் பட்ட கடனைக் குறித்து, அதைக் கட்டினால்தான் அவரை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு அது. கடன் வளர வளர, ஆளும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினார். 1921இல்தான் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. வண்ண விளம்பரத்தை எத்தனையோ பேர் சேர்த்து வைத்தார்கள். அந்தத் துண்டைச் சேர்த்து வைத்தவர் எத்தனை பேர்? புன்னகை மட்டும் மிஞ்சி, கடன்சீட்டு மறைந்தால், நாளை வருபவன் புன்னகையையே வரலாறு என்று எழுதுவான். ஆதலால் அழகானதை மட்டும் சேர்ப்பவன் பாதி வரலாற்றையே காப்பாற்றுகிறான். பற்றுச்சீட்டு, கோயில் திருவிழா விளம்பரத் தாள், நாடக நோட்டீசு, சுருட்டுக் கட்டின் லேபல், சவர்க்கார உறை, மரண வீட்டுக் கல்வெட்டு ஆகிய அனைத்தும் சேர்க்கத் தக்கவையே.

இளைஞர்களே! இனி உங்கள் கடமையைச் சொல்லுகிறேன். இது பணம் வேண்டாத தொண்டு. ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் அயல்வீடு இரண்டிலும் பழைய றங்குப்பெட்டி, அலுமாரித் தட்டு, சாமிப்படச் சட்டம் ஆகியவற்றைப் பெரியோர் அனுமதியுடன் பாருங்கள். சட்டத்துக்குள் இருக்கும் படத்தின் பின்னால் தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். கடையின் பெயர் அம்மடிப்பில் மறைந்திருக்கலாம். கண்டெடுத்ததை ஒருபோதும் பசை போட்டு ஒட்டாதீர்கள். மாப்பசை இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் விருந்து. பிளாஸ்டிக் உருக்கி மூடவும் வேண்டாம். மூடியபின் பிரிக்க இயலாது. நம் தீவுகளின் உப்புக் காற்று தாளுக்குப் பகை. ஆகவே காய்ந்த பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் இடையே வெள்ளைத் தாள் வைத்து, தட்டையாக அடுக்குங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் பிடியுங்கள். இந்நாளில் அதற்குக் கைத்தொலைபேசியே போதும். பின்னர் தனித்தாளில் பென்சிலால் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்தக் கடை, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வீட்டில் கிடைத்தது. தாளை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். படம் நம்மிடம் இருந்தால் போதும். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் ஏடுகளையும் ஆவணங்களையும் மின்வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு அவற்றை அனுப்பினால், ஓரிடத்தில் தீப்பட்டாலும் இன்னோரிடத்தில் வாழும். 1981 நமக்குக் கற்றுத்தந்த பாடம் அதுவே.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தாளை விடப் பெரிய பொருள் உங்கள் நினைவு. பிள்ளைகள் ஒரு பழைய கலண்டரை உங்கள் முன் கொண்டுவந்தால், “இதென்ன குப்பை” என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் கடை முதலாளி யார், சிப்பந்திகள் எந்த ஊரார், எந்த இரயிலில் போனீர்கள், சம்பளம் என்ன, கோயில் திருவிழாவுக்கு எத்தனை நாள் விடுமுறை தந்தார்கள் என்றெல்லாம் சொல்லுங்கள். பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தவர்களின் கதை எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அது உங்களிடந்தான் இருக்கிறது. வெளிநாடுகளில் வாழும் உறவினருக்கும் எழுதுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் ஏதோ ஒரு பெட்டியின் அடியில் நம் ஊர்க் கடையின் பெயர் கிடக்கக்கூடும்.

இவ்வாண்டு முடிவில் உங்கள் வீட்டுக் கலண்டரைக் கழற்றும்போது, தெய்வப் படத்தைச் சட்டமிட விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கடையின் பெயரை வெட்டாமல் பின்புறமாக மடித்து வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவன் அந்த மடிப்பைப் பிரித்துப் பார்க்கும்போது, இந்தத் தீவிலே இப்படியொரு கடை இருந்தது, இப்படியொரு மனிதன் உழைத்தான் என்று அறிந்துகொள்வான்.

அடுத்த ஆண்டு விழாவில் இம்மன்றத்தின் மேசைமேல் நீங்கள் தேடிய தாள்களை அடுக்கிவைத்து, ஊர்மக்கள் அனைவரும் கண்டு தங்கள் தங்கள் கதையைச் சொல்லும்படி ஒரு சிறு காட்சி நடத்துவீர்களென நம்புகிறேன்.